முன்பணமும் முகவரியும்: சென்னையில் குறைந்த வருமானக் குடும்பங்களின் வாடகை வீட்டுச் சிக்கல்

1. சிக்கலின் வரையறை

நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் கட்டடங்களின் எண்ணிக்கையில் தொடங்கி அதிலேயே முடிகின்றன. ஒன்றிய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு 2012இல் தந்த கணிப்பின்படி இந்திய நகரங்களுக்கு 1.878 கோடி வீடுகள் தேவைப்பட்டன. இத்தேவையில் 95 விழுக்காட்டுக்கு மேல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருமானப் பிரிவினருக்கும் உரியது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அதே நகரங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. குழு கணக்கிட்ட பற்றாக்குறையிலும் கூரையே இல்லாதோர் சிறு பகுதியினர்தாம்; அதில் ஏறக்குறைய 1.5 கோடி என்பது, இருக்கும் வீட்டுக்குள் இடமின்றி நெருக்கி வாழும் குடும்பங்களைக் குறிக்கும் எண். வீடு இருக்கிறது, தேவையும் இருக்கிறது, இரண்டும் சந்திக்கவில்லை என்பதே இந்த எண்களின் பொருள்.

இரண்டையும் சந்திக்கவைக்க வேண்டியது வாடகைச் சந்தை. அதுவோ சுருங்கி வந்திருக்கிறது. நகர்ப்புற வீடுகளில் வாடகைக் குடியிருப்பின் பங்கு 1961இல் 54 விழுக்காடாக இருந்து 2011இல் 28 விழுக்காடாகக் குறைந்ததை 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை சுட்டுகிறது. இதற்கான காரணமாக வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களைக் கைகாட்டுவது பொருளியலாளரிடையே வழக்கம். சென்னையை முன்வைத்து இக்கட்டுரை வேறொரு வாதத்தை வைக்கிறது. ஏழைக் குடும்பத்தை வாடகை வீட்டிலிருந்து தள்ளி நிறுத்துவதில் மாத வாடகையைவிட அவ்வீட்டுக்குள் நுழைவதற்கான விலைக்கே பங்கு அதிகம். முன்பணம், தரகு, ஆவணம், சாதி மத விசாரணை ஆகியவை சேர்ந்தது அந்த விலை. நம் சட்டமும் வீட்டு வசதித் திட்டங்களும் வாடகையையும் உரிமையையும் பேசியிருக்கின்றனவே தவிர, இந்த நுழைவு விலையைக் குறைக்கவில்லை.

2. நுழைவு விலையின் கணக்கு

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். தரகர் வழியே வீடு கிடைத்தால் ஒரு மாத வாடகை அவருக்குப் போகும். காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகை அட்வான்ஸில் பிடிக்கப்படும். அரசுத் திட்டங்கள் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள குடும்பத்தை நலிந்த பிரிவாகக் கொள்கின்றன. அதன் உச்ச வரம்பில், மாதம் 25,000 ரூபாய் ஈட்டும் குடும்பம் 6,000 ரூபாய் வாடகைக்கு ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டைப் பார்ப்பதாக எடுத்துக்கொள்வோம். வாடகை வருமானத்தில் 24 விழுக்காடு. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் அடங்கினால் அது தாங்கக்கூடிய வாடகை என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். அதன்படி இவ்வீடு இக்குடும்பத்துக்கு எட்டும்.

சாவி கைக்கு வரும் நாளில் கணக்கு மாறிவிடுகிறது. அட்வான்ஸ் 60,000, தரகு 6,000, முதல் மாத வாடகை 6,000 என 72,000 ரூபாய் ஒரே நேரத்தில் வேண்டும். ஏறத்தாழ மூன்று மாத முழு வருமானம் இது. வங்கிக் கடன் இதற்கு எளிதில் கிடைப்பதில்லை. அட்வான்ஸ் தொகையை மட்டும் மூன்று வட்டிக்கு வாங்கினாலும் மாதம் 1,800 ரூபாய் வட்டியாகப் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறுவதாகக் கொண்டால் தரகும் வெள்ளையடிப்பும் மாதத்துக்கு 500 ரூபாய் கூட்டுகின்றன. ஆக உண்மை வாடகை 8,300 ரூபாய்; வருமானத்தில் 33 விழுக்காடு. ஒப்பந்தத்தில் எழுதிய வாடகை ஒரு ரூபாய்கூட ஏறாமலே எட்டும் வீடு எட்டாத வீடாகிவிட்டது. கையில் சேமிப்பு உள்ள குடும்பம் இந்த 1,800 ரூபாயைக் கட்டுவதில்லை. அதே வீட்டுக்கு ஏழை கூடுதல் விலை தருகிறார்.

மின்கட்டணமும் இதே திசையில் செல்கிறது. தமிழகத்தில் ஒவ்வொரு வீட்டு மின் இணைப்புக்கும் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பயன்பாடு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். வீட்டுக்காரர் ஒரே இணைப்பிலிருந்து நான்கு குடித்தனங்களுக்குச் சப் மீட்டர் வைத்துப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில் நான்கு குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே இலவசம்தான். எல்லாருடைய பயன்பாடும் ஒன்றாகக் கூடி மேல் அடுக்குக்குப் போய்விடும். குடியிருப்போர் யூனிட்டுக்கு ஒரே விலை என்று வீட்டுக்காரர் சொல்லும் தொகையைத் தருகிறார்கள். எல்லா வீடுகளுக்கும் வகுத்த மானியம் ஏழை வாடகைதாரரிடம் முழுதாக வந்து சேராமல் இடையிலேயே நின்றுவிடுகிறது.

பணத்தைத் திரட்டிவிட்டாலும் வீடு உறுதியில்லை. ‘சைவம் மட்டும்’ என்ற அறிவிப்புப் பலகை உணவைப் பற்றியது மட்டுமன்று என்பது வீடு தேடிய தலித்துகளுக்கும் இஸ்லாமியருக்கும் தெரியும். டெல்லித் தலைநகர்ப் பகுதியில் சுகதேவ் தோராட் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, சாதியும் மதமும் வாடகை வீட்டுக்கான வாய்ப்பை நேரடியாகத் தீர்மானிப்பதை நிறுவியது. மறுக்கப்படும் குடும்பத்துக்குத் தேர்வு செய்யக் கிடைக்கும் வீடுகள் குறைவு. தேர்வு குறைந்தவரால் அட்வான்ஸைப் பேரம் பேசிக் குறைக்கவும் முடியாது. பாகுபாடு இவ்வாறு விலையாகவும் மாறுகிறது.

3. சட்டத்தின் கண்ணுக்குத் தெரிபவர்

போர்க்கால ஆணைகளில் தொடங்கி 1946, 1949 சட்டங்கள் வழியே வந்த சென்னையின் வாடகைக் கட்டுப்பாடு, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைபெற்றது. குடியிருப்புக் கட்டடத்துக்கு அதன் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு என நியாய வாடகையைக் கணக்கிட அச்சட்டம் வழிசெய்தது. வாடகை எவ்வளவு, வெளியேற்றம் எப்போது என்ற இரு கேள்விகளே அதன் மையம். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது காத்தது. வெளியே நின்று வீடு தேடுபவர் அதன் கணக்கில் இல்லை.

அதற்கு மாற்றாக வந்த தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம் 2017இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. வாடகையை இருவரும் பேசி முடிக்கலாம்; ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டித்து விரட்டுவதை இச்சட்டம் தடுக்கிறது. இது மெய்யான முன்னேற்றம். பாதுகாப்பு வைப்புத்தொகை மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் அது சொல்கிறது. ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் இந்த வரம்பு பொருந்தாது என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. அவசரத்தில் வீடு தேடுபவர் எதற்கும் ஒப்புக்கொள்வார் என்பதால் பத்து மாத அட்வான்ஸ் சட்டத்தை மீறாமலே தொடர்கிறது. வீடு மறுப்பதில் சாதி, மதப் பாகுபாட்டைத் தடை செய்யும் பிரிவு எதுவும் சட்டத்தில் இல்லை.

இன்னும் கவலைக்குரியது எழுத்து ஒப்பந்தம் பற்றிய நிலை. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வெளியேற்றத்துக்கான காரணங்களுள் ஒன்றாகச் சட்டம் வைத்திருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டாம் என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். அதன் விளைவைச் சுமப்பவர் குடியிருப்பவர். சென்னையில் ஏழைகளுக்கு வீடு விடுவோரில் பலர் பெருமுதலாளிகள் அல்லர். பட்டா இல்லாத மனையில் அல்லது அனுமதி வாங்காத மேல்தளத்தில் இரண்டு மூன்று அறைகளைக் கட்டி, அந்த வருமானத்தில் வாழும் கைம்பெண்கள், ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் போன்றோர் அவர்கள். தம் கட்டடத்தை அரசுப் பதிவேட்டில் தாமே போய்ப் பதிய அவர்கள் முன்வரமாட்டார்கள். ஒண்டுக்குடித்தனம், ஸ்டோர் வீடு, லைன் வீடு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் இக்குடியிருப்புகளில்தாம் நகர ஏழைகள் வாழ்கிறார்கள். புதிய சட்டத்தின் பாதுகாப்பு மிகக் குறைவாக எட்டுவதும் அங்கேதான்.

ஒப்பந்தத் தாள் இல்லாதவருக்கு முகவரிச் சான்றும் எளிதில் கிடைப்பதில்லை. குடும்ப அட்டை, பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல் எல்லாம் முகவரியைக் கேட்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணம் நியாயவிலைக் கடைகள் வழியே குடும்ப அட்டைக்கு வழங்கப்பட்டது. அட்டை இல்லாதோர் தனியே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. முறைசாரா வாடகையின் விலை வீட்டோடு நிற்பதில்லை, நலத்திட்டங்கள் வரை நீள்கிறது என்பதற்கு இது சான்று.

4. உரிமை என்னும் ஒற்றை வழி

சட்டம் காணாத வாடகைதாரரை வீட்டு வசதித் திட்டங்களும் காணவில்லை. 1970இல் உருவாகி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய குடிசை மாற்று வாரியம், காலப்போக்கில் தவணைக் கொள்முதல் முறைக்குச் சாய்ந்தது. 1977இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் மனையும் பட்டாவும் தரும் வழியைக் கொண்டுவந்தது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென் எல்லைக்கு அப்பால் பெரும் மறுகுடியமர்வுகள் எழுந்தன. முறைகள் மாறியபோதும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஏழைக் குடும்பம் என்றாவது உரிமையாளராக வேண்டும்.

உரிமை பாதுகாப்புத் தரும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் வீட்டுவேலை, கட்டட வேலை, மீன் விற்பனை, பழைய பொருள் சேகரிப்பு போன்ற தொழில்களுக்கு வேலையிடத்துக்கு அருகில் இருப்பதே முதல். வேலை மாறினால் வீட்டை மாற்றும் வாய்ப்பு வாடகையில் உண்டு; தொலைவில் கிடைத்த ஒதுக்கீட்டில் அது இல்லை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டோர் வேலைக்காக நாள்தோறும் நகருக்குள் திரும்பிப் பயணிப்பதும், சிலர் ஒதுக்கீட்டு வீட்டை விட்டுவிட்டுப் பழைய பகுதியிலேயே வாடகைக்குத் திரும்புவதும் இதனால்தான். அதிகாரிகள் இதை விதிமீறல் என்பார்கள். குடும்பங்களுக்கு எந்த வகை வீடு தேவை என்பதை அக்குடும்பங்களே உணர்த்தும் செய்தியாக இதைப் படிப்பதே பொருத்தம்.

அரசுக்கு வாடகை வீடு நடத்தத் தெரியாது என்ற வாதமும் எழும். ஆனால் அரசு ஊழியர்களுக்கான வாடகைக் குடியிருப்புகளை வீட்டு வசதி வாரியம் பல்லாண்டுகளாக நகரின் நடுவிலேயே நடத்திவருகிறது. வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்பதே அதற்கு வாய்த்த வசதி. அண்மையில் தொழிலாளருக்கும் வாடகை இடம் கட்டப்படுகிறது: ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் சிப்காட் வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, பணிபுரியும் பெண்களுக்குத் தோழி விடுதிகள் இயங்குகின்றன. இவை தேவையானவை. ஆனால் இவை படுக்கைக் கணக்கில் அமைந்தவை. குழந்தைகளோடும் முதியவர்களோடும் வாழும் குடும்பத்துக்கு இங்கே இடமில்லை. 2020இல் ஒன்றிய அரசு அறிவித்த குறைந்த வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டமும் முதன்மையாகப் புலம்பெயர்ந்த தொழிலாளரை மனத்தில் வைத்தே பிறந்தது.

5. எதிர்வாதங்கள்

வாடகைக் கட்டுப்பாடு முதலீட்டைத் தடுத்தது என்பதில் உண்மை உண்டு. பத்தாண்டுகள் இழுத்த வழக்குகளைக் கண்ட உரிமையாளர் வீட்டைப் பூட்டி வைப்பதையே பாதுகாப்பாக எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் எழுத்தில் இல்லாத ஒற்றை அறை வாடகைகளை அந்தச் சட்டம் நடைமுறையில் கட்டுப்படுத்தியதே இல்லை. அங்கேயும் நுழைவு விலை உயர்ந்தே இருந்தது. கட்டுப்பாடு நீங்கிய பின்னும் பத்து மாத அட்வான்ஸ் நீங்கவில்லை. ஆகவே கட்டுப்பாட்டை நீக்குவது தேவையான படியாக இருக்கலாம், போதுமான படியாகாது.

அட்வான்ஸுக்கு விலக்கில்லாத வரம்பு வைத்தால் வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடுவதையே நிறுத்திவிடுவார்கள் என்பது இதைவிட வலுவான எதிர்வாதம். வாடகை பாக்கி, சேதம், காலி செய்ய மறுத்தல் ஆகிய மூன்று அச்சங்களுக்கும் அட்வான்ஸே அவர்களுக்கு ஒரே காப்பு. மூன்று அறை விட்டு வாழும் கைம்பெண்ணிடமிருந்து அந்தக் காப்பை ஈடு எதுவுமின்றிப் பிடுங்குவது நியாயமாகாது. வரம்பு வைப்போர் அந்த அச்சத்துக்கும் மாற்றுத் தர வேண்டும்.

6. முடிவு

இதிலிருந்து நான்கு நடவடிக்கைகள் பெறப்படுகின்றன. முதலாவது, குறைந்த வாடகை வீடுகளுக்கு மூன்று மாத வரம்பை விலக்கின்றி ஆக்கி, அதற்கு மேல் உரிமையாளருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்ய அரசு உத்தரவாத நிதி ஒன்றை அமைக்க வேண்டும். மேலே கண்ட குடும்பத்தின் அட்வான்ஸ் 60,000இலிருந்து 18,000 ஆகும். மாத வட்டி 1,800இலிருந்து 540 ஆகும். உண்மை வாடகை மீண்டும் 30 விழுக்காட்டுக்குள் வரும். வாடகைக்கு மானியம் தராமலேயே இது கைகூடும். இரண்டாவது, எழுத்து ஒப்பந்தம் இன்மையை வெளியேற்றக் காரணமாகக் கொள்வதைக் கைவிட்டு, குடியிருப்பவர் தானே தன் குடித்தனத்தைப் பதியும் உரிமையைத் தர வேண்டும். அப்பதிவை முகவரிச் சான்றாக ஏற்க வேண்டும். கட்டட விதிமீறல் நடவடிக்கைக்கு அப்பதிவைப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதி வீட்டுக்காரருக்கு வேண்டும். மூன்றாவது, மின் மானியத்தை இணைப்புக்கு என்றல்லாமல் குடித்தனத்துக்கு என்று கணக்கிட வேண்டும். நான்காவது, அரசு ஊழியர் குடியிருப்புகளை நடத்தும் அனுபவத்தைக் கொண்டு, வேலைவாய்ப்புக்கு அருகிலுள்ள பொது நிலத்தில் குடும்பங்களுக்கான வாடகை வீடுகளைக் கட்ட வேண்டும்.

இவற்றுள் கட்டுமானச் செலவு பெரிதாகும் நான்காவது மட்டுமே நம் திட்டமிடுவோருக்குப் பழகிய மொழி. முதல் மூன்றும் சட்டத்திலும் நிர்வாகத்திலும் செய்யும் மாற்றங்கள். ஒரு செங்கல்கூடத் தேவையில்லாதவை. வாடகைதாரரை நாளைய உரிமையாளராக மட்டும் பார்க்காமல், இன்றைக்கு நகரில் குடியிருப்பவராக ஏற்றுக்கொண்டால் இவை மூன்றையும் உடனே தொடங்கலாம்.