ரியாத்திலிருந்து மக்காவுக்கு பஸ்ஸில்: எந்தப் பை கீழே, எந்தப் பை மடியில்?



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் ரியாத், தம்மாம், ஜுபைல் பகுதிகளில் வேலை பார்க்கும் நம் சகோதரர்களின் வீடுகளுக்கு ஊரிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவார்கள். மனைவி, பிள்ளைகள், சில வீடுகளில் வாப்பா, உம்மா, மாமி என்று ஒரு கூட்டமே வரும். வந்தவர்கள் முதலில் கேட்பது உம்ராவைத்தான். ஆறு பேருக்கு உள்நாட்டு விமான டிக்கெட் எடுப்பது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. இரவெல்லாம் கார் ஓட்டிப் போய், அதே களைப்போடு தவாஃபும் ஸயீயும் செய்வதும் எளிதல்ல. எனவே பெரும்பாலான குடும்பங்களுக்கு பஸ்தான் வழி.

ரியாத்திலிருந்து மக்கா சுமார் 870 கிலோமீட்டர். தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் நிற்கிற நேரத்தைச் சேர்த்தால் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். தம்மாமிலிருந்து கிளம்புகிறவர்கள் இன்னும் 400 கிலோமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு இரவு பஸ்ஸில் போய்ப் பழகியவர்களுக்கு இது மலைப்பாக இருக்காது. ஆனால் சென்னைப் பயணத்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை பெட்டியைத் தொடும் வேலை இல்லை. மக்கா பயணத்தில் அப்படி இல்லை. வழியிலேயே, மீக்காத்தில், குளித்து உடை மாற்றி இஹ்ராமுக்கு நிய்யத் வைக்க வேண்டும். அந்த நேரத்துக்கு வேண்டிய சாமான் மடியில் இருக்கிறதா, கீழே டிக்கியில் முப்பது பெட்டிகளுக்கு அடியில் கிடக்கிறதா என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நான் போன பஸ்ஸில் இப்படி நடந்தது. ஒரு சகோதரர் ஊரிலிருந்து வந்த தன் வாப்பாவை முதல் உம்ராவுக்கு அழைத்து வந்திருந்தார். வாப்பாவுக்கு எழுபது வயதிருக்கும். இஹ்ராம் துணி, பெல்ட், செருப்பு எல்லாவற்றையும் அழகாக மடித்துப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். ஃபஜ்ருக்குச் சற்று முன் பஸ் மீக்காத்தில் நின்றது. டிரைவர் டிக்கியைத் திறந்தார். முதலில் வந்து முதலில் ஏற்றியவர்கள் என்பதால் இவர்களுடைய பெட்டி உள்ளே கடைசியில் இருந்தது. எல்லோர் பெட்டியையும் இறக்கினால்தான் எடுக்க முடியும். டிரைவர் கையை விரித்துவிட்டார். மகன் கடைக்கு ஓடிப் புது இஹ்ராம் துணி வாங்கி வந்தார். குளிக்க நேரமில்லாமல், அவசரமாக உடுத்தி, மூச்சு வாங்கியபடி பெரியவர் பஸ்ஸில் ஏறினார். மகனுக்கு முகமே இல்லை. "கவலப்படாத வாப்பா, நிய்யத்து வச்சாச்சுல்ல" என்று பெரியவர்தான் மகனைத் தேற்றிக்கொண்டு வந்தார். பல வருடம் காத்திருந்த மனுஷருக்கு அந்த அரை மணி நேரம் நிதானமாகக் கிடைத்திருக்க வேண்டும்.

மீக்காத்தில் என்ன நடக்கும்?

ரியாத், தம்மாம் வழியாக வருகிறவர்களுக்கு மீக்காத் கர்னுல் மனாஸில். இன்றைக்கு அந்த ஊரை அஸ்ஸைலுல் கபீர் என்கிறார்கள். தாயிஃப் பக்கமிருந்து மக்காவுக்கு இறங்கும் வழியில், மக்காவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. பெரிய பள்ளிவாசல், வரிசையாகக் குளியலறைகள், இஹ்ராம் துணி விற்கும் கடைகள் எல்லாம் உண்டு. தாயிஃபிலிருந்து காரில் ஹதா மலைப்பாதை வழியாக இறங்குகிறவர்கள் வாதி மஹ்ரம் என்ற இடத்தில் இஹ்ராம் கட்டுவார்கள். முதலில் மதீனா போய்விட்டு அங்கிருந்து மக்கா வரும் பயணமாக இருந்தால் மீக்காத் துல்ஹுலைஃபா. அபியார் அலி என்றால் டிரைவர்களுக்குச் சட்டென்று புரியும்.

உம்ரா நாட்டத்தோடு போகிறவர் இஹ்ராம் இல்லாமல் மீக்காத்தைத் தாண்டிவிட்டால் திரும்பி வந்து நிய்யத் வைக்க வேண்டும், இல்லையென்றால் தம்மு கொடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். பஸ்ஸில் போகிறவர் திரும்பி வருவது நடக்கிற காரியமா? அதனால் டிக்கெட் எடுக்கும்போதே இரண்டு கேள்விகள் கேளுங்கள். மீக்காத்தில் பஸ் நிற்குமா? எவ்வளவு நேரம் நிற்கும்?

இதைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரியாத்தில் இரண்டு வகை பஸ் உண்டு. ஒன்று, அஸீஸிய்யா நிலையத்திலிருந்து போகும் வழக்கமான நகர்களுக்கிடையிலான பஸ். 1979-இல் தொடங்கப்பட்ட சாப்ட்கோ நிறுவனம்தான் பல்லாண்டு காலம் இதை ஓட்டியது. 2023-லிருந்து தடங்கள் புதிய நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் நம்மவர்கள் எந்த பஸ்ஸையும் சாப்ட்கோ என்றே சொல்வார்கள். இன்னொன்று, வார இறுதியில் பத்ஹா பகுதியிலிருந்து கிளம்பும் உம்ரா குழு பஸ். குழு பஸ்ஸில் எல்லோருமே உம்ராவுக்குப் போகிறவர்கள் என்பதால் மீக்காத்தில் தாராளமாக நேரம் தருவார்கள். வழக்கமான பஸ்ஸில் உம்ராவுக்குப் போகாத பயணிகளும் இருப்பார்கள். அங்கே நேரம் இறுக்கமாக இருக்கும். குடும்பத்தோடும் பெரியவர்களோடும் முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை குழு பஸ்தான்.

பஸ் நின்றதும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று குடும்பம் பிரியும். பிள்ளைகள் பெரும்பாலும் உம்மாவோடு போய்விடுவார்கள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பை, குளியலறைத் தரை முழுக்க ஈரம் என்றால் பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்? யார் எந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்பதை பஸ்ஸுக்குள்ளேயே பேசிக்கொள்ளுங்கள். "வாசலில் நில்லுங்க" என்று சொல்லாதீர்கள், அங்கே வாசல்கள் பல. ஒரு கடையையோ விளக்குக் கம்பத்தையோ காட்டி, அதன் அடியில் என்று சொல்லுங்கள். இறங்கும்போதே பஸ்ஸின் நம்பர் பிளேட்டை போனில் படம் பிடித்து மனைவிக்கும் அனுப்புங்கள். அதிகாலை இருட்டில் ஒரே மாதிரி இருபது வெள்ளை பஸ்கள் நிற்கும். டிரைவரின் போன் நம்பரும் கையில் இருக்கட்டும்.

பெண்கள் ஒரு விஷயத்தை வெட்கப்பட்டு மறைத்துவிடக் கூடாது. மாதவிடாய் நாளாக இருந்தாலும் மீக்காத்திலேயே இஹ்ராம் நிய்யத் வைக்க வேண்டும். தவாஃபைத்தான் சுத்தமாகும்வரை தள்ளிவைக்க வேண்டும். 'சுத்தமான பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நிய்யத் இல்லாமல் தாண்டிப்போய்ச் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. அதோடு, குழு பஸ் இரண்டு நாளில் திரும்பிவிடும், யாருக்காகவும் காத்திருக்காது. தேதி ஒத்துவராது போலிருந்தால் அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. ஊரிலுள்ள ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

மடியில் இருக்க வேண்டிய பை

ஆளுக்கொரு பை வேண்டாம். குடும்பத்துக்கு இரண்டு பை போதும், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று.

ஆண்கள் பையில் இஹ்ராம் துணி, பெல்ட், ரப்பர் செருப்பு, சிறிய துண்டு, கழற்றிய உடையைப் போட்டுவைக்க ஒரு பிளாஸ்டிக் பை. இஹ்ராம் துணியையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். குளியலறையில் மாட்டும் கொக்கி இல்லையென்றால் துணி நனைந்துவிடும். நகம் வெட்டுவது, முடி களைவது எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துவிட்டால் மீக்காத்தில் பாதி வேலை மிச்சம்.

பெண்கள் பையில் கவனிக்க வேண்டியது குழந்தைகளைத் துடைக்கும் ஈரத் துடைப்பான். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை வாசனை போட்டவை. உம்மா இஹ்ராமில் இருக்கும்போது அதைக் கையில் எடுக்க முடியாது. பாக்கெட்டின் மேல் வாசனை இல்லாதது என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். சோப்பும் அப்படியே. இந்தச் சின்ன விஷயத்தை யாரும் சொல்லித்தருவதில்லை.

மருந்து எதையும் கீழே போடாதீர்கள். கோடையில் ரியாத்தில் 45 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும். நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸின் டிக்கி அடுப்பு மாதிரி ஆகிவிடும். இன்சுலின் அந்தச் சூட்டில் கெட்டுப்போகும். ஐஸ் பாக்கெட்டோடு, ஆனால் ஐஸில் நேரடியாகப் படாமல் துணியில் சுற்றி, மடிப்பையில் வையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு பிஸ்கட்டும் பேரீச்சம்பழமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பஸ் எப்போது சாப்பாட்டுக்கு நிற்கும் என்பது நம் கையில் இல்லை.

கோடை வெயிலைச் சொன்னேன், ஆனால் பஸ்ஸுக்குள் குளிரும். ஏசியைக் குறைக்கச் சொன்னால் டிரைவர் தலையாட்டுவார், குறைக்க மாட்டார். டிசம்பர், ஜனவரியில் பாலைவன இரவும் நடுங்க வைக்கும். இஹ்ராம் கட்டிய பிறகு ஆண்கள் போர்வையை உடம்பில் போர்த்திக்கொள்ளலாம், தலையை மூடக்கூடாது. அதனால் மெல்லிய போர்வை ஒன்று மடிப்பையில் இருக்க வேண்டும்.

அடுத்தது காகிதங்கள். இகாமா, ஊரிலிருந்து வந்தவர்களின் பாஸ்போர்ட், விசா பிரதி எதையும் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு. தூங்கிக்கொண்டிருக்கும்போது போலீஸ் பஸ்ஸுக்குள் ஏறி ஆவணம் கேட்பார். உம்ரா அனுமதியை நுஸுக் செயலியில் ஒவ்வொருவர் பெயரிலும் முன்பே எடுத்துவிடுங்கள். மதீனா போவதாக இருந்தால் ரவ்ளாவுக்கும் அதில்தான் பதிவு. ஹஜ் நாட்கள் நெருங்கும்போது ஹஜ் அனுமதி இல்லாதவர்களை மக்கா எல்லையிலேயே திருப்பி அனுப்புவார்கள். விசிட் விசாவில் வந்த வாப்பா உம்மாவும் அதில் சேர்த்திதான். அந்தச் சமயத்தில் யாராவது "நான் உள்ளே கொண்டுபோய் விடுறேன்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கீழே போகிற பெட்டி

குடும்பத்துக்கு ஒரு பெரிய பெட்டி போதும். இரண்டு நாள் உம்ராவுக்கு நான்கு பெட்டியோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் பாதி திறக்கப்படாமலேயே திரும்பும். பெட்டியின் மேல் பெயரும் சவூதி போன் நம்பரும் எழுதி ஒட்டுங்கள். ஊர் நம்பர் இங்கே பயன்படாது. கறுப்புப் பெட்டி என்றால் கைப்பிடியில் கலர் துணி ஒன்றைக் கட்டுங்கள், இன்னொருவர் தவறி எடுப்பது குறையும். ஏற்றும்போது பஸ்ஸின் எந்தப் பக்க டிக்கியில் வைக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். இடையில் இறங்குகிறவர்கள் உள்ள பஸ்ஸில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வீட்டு ஆண் ஒருவர் இறங்கி டிக்கியருகில் நிற்பது நல்லது. சக்கர நாற்காலி கொண்டுபோகிறவர்கள் அதைக் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள், அப்போதுதான் மீக்காத்தில் முதலில் வெளியே வரும்.

பிறர் பார்சலை வாங்காதீர்கள். "சின்னப் பொதிதான் காக்கா, மக்காவுல நம்ம மச்சான் வந்து வாங்கிக்குவாரு" என்று பஸ் நிற்கும் இடத்தில் கேட்பார்கள். முகதாட்சண்யத்தில் வாங்கிவிட்டால், சோதனையில் அது உங்கள் பெட்டியில் இருந்த பொருள்தான். ஊரிலிருந்து வந்த பெட்டியை அப்படியே தூக்கி வருகிறவர்கள் அதையும் ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுங்கள். கசகசா சவூதியில் தடை செய்யப்பட்ட பொருள். பிரியாணிக்கென்று உம்மா போட்டு அனுப்பியது என்ற விளக்கத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

மக்காவில் இறங்கிய பிறகு

பஸ் ஹரமின் வாசலில் கொண்டுபோய் விடும் என்று நினைக்காதீர்கள். கூட்ட நாட்களில் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். காலையில் போய்ச் சேர்ந்தால் ஹோட்டல் அறை பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும். பெரிய பையோடு ஹரமுக்குள் விடமாட்டார்கள். எனவே பெட்டிகளை ஹோட்டல் வரவேற்பறையில் ஒப்படைத்து, எத்தனை என்று எண்ணிச் சொல்லி, சீட்டு வாங்கிக்கொண்டு உம்ராவுக்குப் போங்கள். தோளில் மாட்டும் சிறு பை ஒன்று, அதற்குள் செருப்பு, போன், கொஞ்சம் பணம், மருந்து இருந்தால் போதும். பிள்ளைகளின் சட்டைப் பையில் ஹோட்டல் கார்டு ஒன்றை வைத்துவிடுங்கள்.

திரும்பும்போது சாமான் இரண்டு மடங்காகும். அதைத் தடுக்க முடியாது, எனவே மடித்து வைக்கும் காலிப் பை ஒன்றை வரும்போதே பெட்டிக்குள் போட்டு வாருங்கள். ஜம்ஜம் கேன்களின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, நிமிர்த்தி, துணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இல்லாமல் ஏற்றச் சொல்லுங்கள். ஊருக்கு விமானத்தில் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள், செக்-இன் பெட்டிக்குள் ஜம்ஜம் வைக்க அனுமதியில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரமான இஹ்ராம் துணியை மட்டும் பேரீச்சம்பழ அட்டைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் அட்டை ஊறிக் கிழிந்து, பழம் டிக்கி முழுக்கக் கொட்டிக் கிடக்கும்.