அடையாள அட்டையும் ஊடக அறமும்

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் ஒருவர் ஏரி நிலத்தை ஆக்கிரமித்ததாக நாளிதழில் தவறான செய்தி வருகிறது என்று கொள்வோம். அவர் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பதில் நிறைவளிக்காவிட்டால், செய்தி வந்த இரண்டு மாதங்களுக்குள் டெல்லியிலுள்ள இந்தியப் பத்திரிகை மன்றத்திடம் முறையிடலாம். அதே செய்தி தொலைக்காட்சியில் வந்திருந்தால் மன்றத்துக்கு அதிகாரமே இல்லை. பாதிக்கப்பட்டவர் எளிதில் எட்டக்கூடிய முறையீட்டு வழிதான் ஊடகச் சுய ஒழுங்குமுறையின் அடித்தளம். பத்திரிகையாளர் யார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு ஈடாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் பத்திரிகை ஆணையத்தின் பரிந்துரையால் 1966இல் தோன்றிய மன்றம், நெருக்கடிநிலையின்போது கலைக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மறுபடி அமைந்தது. அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு எச்சரிக்கவும் கண்டிக்கவும் இடம் தருகிறது. அபராதம் விதிக்க அல்ல. ஆனால் குறை சட்டத்தில் மட்டும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு தேர்தல் செய்தி வெளியிடும் வழக்கத்தை ஆராய்ந்து, நிறுவனங்களின் பெயர்களோடு துணைக்குழு தந்த அறிக்கையை, இதழ் உரிமையாளர்களும் இடம்பெற்ற அம்மன்றம் 2010இல் முழுமையாக வெளியிடவில்லை. மத்தியத் தகவல் ஆணையம் ஆணையிட்ட பிறகே 2011இல் அது வெளிவந்தது.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், போலிப் பத்திரிகையாளர்களைக் களைய, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தமிழ்நாடு பத்திரிகை மன்றம் அமைக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. 'பிரஸ்' அட்டையைக் காட்டிப் பணம் பறிப்போர் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் மிரட்டிப் பறிப்பது குற்றம்; அதற்குக் குற்றவியல் சட்டம் போதும். யார் பத்திரிகையாளர் என்ற அங்கீகாரத்தை அரசு சார்ந்த அமைப்பிடம் விடுவதன் ஆபத்தை, விமர்சனத்தை அதிகாரம் எப்படித் தண்டித்தது என்ற நம் வரலாறே சொல்லும். அட்டைப்பட நகைச்சுவைக்காக 1987இல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. 2003இல் தி இந்து இதழினர் ஐவருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை விதித்தது. பின்னதை உச்ச நீதிமன்றம் தடுத்தது.

சரியான வழியை 1994ஆம் ஆண்டு நக்கீரன் இதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு காட்டுகிறது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுமுன் தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை. தனிமனிதரின் அந்தரங்கத்தை மீறினால் வெளியிட்டவர் பின்னர் பொறுப்பேற்க வேண்டும். முன்தடை இல்லாத சுதந்திரமும் தப்பிக்க முடியாத பொறுப்பும் சேர்ந்தே நிற்க வேண்டும்.

அந்தப் பொறுப்பு ஊர் மட்டத்தில்தான் தளர்கிறது. தாலுகா நிருபர்கள் பலருக்கு நிலையான சம்பளமில்லை. விளம்பரம் பிடித்தால் கமிஷன் உண்டு. மனை விற்பவரின் விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் நிருபர் ஏரி ஆக்கிரமிப்பை எப்படி எழுதுவார்? அவருக்கு அறவுரை சொல்லுமுன் நிறுவனம் ஊதியம் தர வேண்டும். விளம்பரப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும். தி இந்து 2006இல் நியமித்ததைப் போன்ற, வாசகர் புகார்களை விசாரிக்கும் வாசகர் ஆசிரியர் ஒவ்வொரு தமிழ் இதழுக்கும் செய்தி அலைவரிசைக்கும் தேவை. தவறு வெளியான பக்கத்திலேயே, அதே அளவில், திருத்தமும் வர வேண்டும். இவற்றுக்குப் புதுச் சட்டமோ அரசின் அனுமதியோ வேண்டாம். ஊடகங்கள் தாமாக இதைச் செய்யத் தவறும் ஒவ்வொரு ஆண்டும், அரசுக் கட்டுப்பாட்டைக் கோருவோரின் வாதமே வலுப்பெறுகிறது.