அரண்மனைக்காரத் தெருவும் இரண்டு ஜுல்பாக்களும்

சென்னை ஜோர்ஜ் டவுனிலே, உயர் நீதிமன்றத்துக்கு அண்மையில், அரண்மனைக்காரத் தெரு என்றொரு தெரு உண்டு. பெயரைக் கேட்டதும், எந்த மன்னன் அங்கே மாளிகை கட்டி வாழ்ந்தான் என்று கேட்கத் தோன்றும். மன்னனும் இல்லை, மாளிகையும் இல்லை. அது ஆர்மேனியர்கள் வாழ்ந்த தெரு. 'ஆர்மேனியக்காரன்' என்ற சொல் சென்னைத் தமிழரின் நாவிலே புரண்டு 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது. ஊரிழந்து வந்த ஒரு கூட்டத்துக்கு நமது மொழி தன்னையறியாமலே ஓர் அரண்மனையைக் கொடுத்திருக்கின்றது.

நேயர்களே, இந்த ஆர்மேனியர்கள் யார்? கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாட்டின் தொன்மையான மக்கள் அவர்கள். நாலாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்றுக்கொண்டவர்கள். 405ஆம் ஆண்டளவில் மெஸ்ரோப் மஷ்தொத்ஸ் என்ற துறவி அவர்களுடைய மொழிக்குத் தனி எழுத்தை வகுத்துக் கொடுத்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட ஓஷகான் என்ற சிற்றூருக்கு மக்கள் இன்றும் யாத்திரை போகின்றார்கள். பத்தாம் நூற்றாண்டிலே தலைநகராக விளங்கிய அனி, 'ஆயிரத்தொரு தேவாலயங்களின் நகரம்' என்று புகழ்பெற்றது. 1064இல் செல்ஜுக் துருக்கியர் அதனைச் சூறையாடினர். காலப்போக்கில் அந்நகர் ஆளில்லாப் பாழாயிற்று. அரசிழந்த ஆர்மேனியர், பிற்காலத்தில் துருக்கிக்கும் பாரசீகத்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டனர்.

சென்னைக்கு வந்த ஆர்மேனிய வணிகர் பலரின் பூர்வீகத்தைத் தேடிப்போனால், ஜுல்பா என்ற ஊரிலே போய் நிற்போம். அராஸ் ஆற்றங்கரையில் இருந்தது அது. பட்டு வணிகத்தால் செழித்த ஊர். 1604இல் துருக்கியப் படை நெருங்கி வந்தபோது, பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் அப்பகுதி மக்கள் எல்லோரையும் கிளம்பச் சொல்லிக் கட்டளையிட்டான். எதிரியின் கையில் ஒரு பிடி தானியமும் ஒரு கூரையும் கிடைக்கக் கூடாதென்பது அவனது எண்ணம். ஆற்றைக் கடக்கையில் வெள்ளத்தோடு போனவர் பலர். ஊர் பின்னால் அழிக்கப்பட்டது. மன்னனுக்கு அந்த வணிகர்கள் வேண்டியிருந்தார்கள். அவர்களுடைய ஊர் வேண்டியிருக்கவில்லை.

தப்பிப் பிழைத்தவர்களை அவன் தனது தலைநகரான இஸ்பகானின் அருகே, ஆற்றின் மறுகரையிலே குடியேற்றினான். அந்தக் குடியேற்றத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'நோர் ஜுகா', அதாவது புதிய ஜுல்பா. 'நோர்' என்றால் ஆர்மேனிய மொழியில் 'புதிய' என்று பொருள். அங்கே பெரிய தேவாலயம் எழுந்தது. 1638இல் அச்சகம் அமைத்து ஆர்மேனிய நூலை அச்சிட்டார்கள். இந்தப் புதிய ஜுல்பாவிலிருந்துதான் அவர்களின் கப்பல்களும் கணக்கேடுகளும் சூரத், கல்கத்தா, சென்னை என்று பரவின.

1688இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி ஆர்மேனிய வணிகருடன் ஓர் உடன்படிக்கை செய்தது. கம்பனியின் ஊர்களில் நாற்பது ஆர்மேனியரோ அதற்கு மேலோ குடியேறினால் அவர்களுக்குத் தேவாலயம் கட்டிக்கொடுப்பதாகவும், குருவானவருக்கு ஏழு ஆண்டுகள் வரை வருடம் 50 பவுண் வழங்குவதாகவும் அதிலே கண்டிருந்தது. சென்னையில் 1712இல் முதல் தேவாலயம் எழுந்தது. அரண்மனைக்காரத் தெருவில் இப்போதிருக்கும் தேவாலயம், அவர்களின் பழைய இடுகாட்டு நிலத்திலே 1772இல் கட்டப்பட்டது. ஆறு பெரிய மணிகள் அதன் கோபுரத்தில் உள்ளன. சென்னையில் ஆர்மேனியச் சமூகம் என்று சொல்ல இன்று எவரும் இல்லை; கல்கத்தாவில் இருக்கும் ஆர்மேனியரே தேவாலயத்தைப் பராமரிக்கின்றனர்.

அச்சமூகத்திலே கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்றொரு செல்வர் இருந்தார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் தமது பணத்தால் பாலம் கட்டுவித்தார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் கட்டியவையே. அப்பாலம் இருந்த இடத்திலே இன்று மறைமலை அடிகள் பெயரால் புதிய பாலம் நிற்கின்றது. பாலம் கட்டியவரின் கல்வெட்டு மட்டும் எஞ்சியிருக்கின்றது. 1751இல் அவர் மறைந்தபோது உடல் சென்னை மண்ணிலே அடக்கமாயிற்று. இதயத்தை மட்டும் பேழையில் வைத்து ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள் என்று, இந்திய ஆர்மேனியர் வரலாற்றை எழுதிய மெஸ்ரோப் சேத் குறிப்பிடுகின்றார். அந்த ஜுல்பாவும் புதிய ஜுல்பாதான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். இடம்பெயர்ந்து அமைத்த ஊர், சில தலைமுறைகளுக்குள் இதயம் திரும்பிப் போகும் சொந்த ஊராகிவிட்டது.

செல்வத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர்களுடைய எழுத்து வேலை. ஷாஹமீர் ஷாஹமீரியன் என்ற வணிகர் 1770களில் சென்னையிலே அச்சகம் நிறுவினார். இல்லாத ஒரு நாட்டுக்கு, என்றோ ஒருநாள் எழப்போகும் சுதந்திர ஆர்மேனியாவுக்கு, அரசியல் யாப்பையே எழுதி அச்சிட்டார்கள். 1794இல் ஹருத்தியூன் ஷ்மவோனியன் என்ற குருவானவர் 'அஸ்தரார்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். உலகிலேயே முதலாவது ஆர்மேனியப் பத்திரிகை அதுதான். தாய்நாட்டில் வெளிவராத அது, சென்னையில் வெளிவந்தது. 1796 வரை பதினெட்டு இதழ்களே வந்தன. ஆயினும் அந்த இனத்தின் பத்திரிகை வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகின்றது.

ஊர்ப் பெயரைத் தூக்கிக்கொண்டு நடப்பது ஜுல்பாவோடு முடியவில்லை. 1915இல் துருக்கியில் ஆர்மேனியர் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டபோது, மூசா மலையடியில் இருந்த ஆறு கிராமத்தவர் மலையேறி எதிர்த்து நின்றனர். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிரெஞ்சுக் கப்பல்கள் ஏற்றிச் சென்றன. எகிப்தின் போர்ட் சயித் துறையிலே கூடாரங்களில் நான்கு வருடங்கள் கிடந்து, 1919இல் ஊர் திரும்பினர். 1939இல் அப்பகுதி துருக்கியின் கைக்குப் போனதும் மறுபடியும் பெயர்ந்து, லெபனானில் அஞ்சார் என்ற ஊரை அமைத்தனர். ஆறு கிராமங்களின் பெயரும் அங்கே ஆறு குறிச்சிகளுக்கு இடப்பட்டன. ஆர்மேனியத் தலைநகர் யெரெவானிலும் நோர் அரப்கிர், நோர் செய்துன் என்று குடியிருப்புகள் உண்டு. யாவும் இழந்த ஊர்களின் பெயர்கள்.

பழைய ஜுல்பா என்னவாயிற்று? ஊர் போன பின்னும் அதன் இடுகாடு நின்றது. நமது நடுகற்களைப் போல, நுட்பமாகச் செதுக்கிய ஆயிரக்கணக்கான சிலுவைக் கற்கள் ஆற்றங்கரையில் நின்றன. அசர்பைஜான் ஆட்சியின் கீழிருந்த அவ்விடத்தில், 1998 முதல் 2005க்குள் அவை உடைத்து அகற்றப்பட்டன. அவ்வரசு மறுத்தது, ஆனால் மறுகரையான ஈரானிலிருந்து எடுத்த படங்களும் செய்மதிப் படங்களும் அழிவைக் காட்டின. அர்காம் ஐவசியான் என்ற ஆய்வாளர் அதற்கு முன்பே பல ஆண்டுகள் அலைந்து அப்பகுதியின் ஆர்மேனியச் சின்னங்களைப் படமெடுத்துக் குறிப்பெழுதி வைத்திருந்தார். இன்று அந்தக் கற்களைப் பார்க்க வேண்டுமானால் அத்தகைய படங்களில்தான் பார்க்க வேண்டும்.

செட்டிகுளத்திலிருந்து இதனை எழுதும் எனக்கு, மெனிக்பாமை நினையாமல் இந்த வரலாற்றைப் படிக்க முடியவில்லை. 2009இலே இங்கே காட்டை வெட்டி அமைத்த முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்னி மக்கள் கம்பிவேலிக்குள் இருந்தார்கள். முகாம்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர் என்று பெரியவர்களின் பெயர்களை வைத்தார்கள். அப்பெயர்கள் இருந்தவர்கள் வைத்தவையல்ல. இருந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டது, "நீங்கள் எவடம்?" என்றுதான். புதுக்குடியிருப்பு, விசுவமடு, அளம்பில் என்றுதான் பதில் வந்தது.

2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாப்புலவு மக்களும் இருந்தனர். அவர்களின் ஊர் இராணுவத்தின் கையில் இருந்ததால், அவர்களைச் சீனியாமோட்டையிலே குடியேற்றினர். அவ்விடம் கேப்பாப்புலவு மாதிரிக் கிராமம் எனப்பட்டது. புதிய ஜுல்பாதான் நினைவுக்கு வருகின்றது. ஆனால் அம்மக்கள் பெயரோடு திருப்தியடையவில்லை. நிலத்தைக் கேட்டு 2017இல் தெருவோரத்தில் மாதக்கணக்கில் அமர்ந்தார்கள். ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. பெயர் நிலத்துக்கு ஈடாகாது. ஆனால் தம் ஊரின் பெயரையும் எல்லையையும் மறவாதவர்களால்தான் நிலத்தைக் கேட்க முடிகின்றது.

ஆகவே நேயர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஊரின் குளம், வயல், வாய்க்கால், கோயில், பள்ளிக்கூடம் ஒவ்வொன்றின் பெயரையும், அங்கிருந்த குடும்பங்களின் விபரத்தையும், வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதியதை இரண்டு மூன்று பிரதி எடுத்து வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். ஒரு கொப்பி தொலைந்தாலும் இன்னொன்று மிஞ்சும்.