பாதையைத் தாங்கும் ஓரம்

பல ஆண்டுகளுக்கு முன், செய்தி சேகரிப்பதற்காக நான் பதுளைக்குச் சென்றிருந்த ஓர் ஐப்பசி மாதம். எல்லவிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையில் எமது பஸ் பழுதாகி நின்றுவிட்டது. மழை விடவில்லை. சாக்கொன்றைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு, முதியவர் ஒருவர் பாதையோரக் கானில் அடைந்திருந்த சேற்றை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார். இந்த மழையில் இது அவசியந்தானா என்று கேட்டேன்.

"மழையிலதாங்க தண்ணி போற வழி தெரியும். தண்ணிக்கு வழி விட்டாத்தான் பாதை நிக்கும்" என்றார்.

மலைப்பாதையின் இலக்கணம் முழுவதும் அந்த வார்த்தைகளில் அடங்கியிருந்ததைப் பின்னரே உணர்ந்தேன். மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் நீரைக் கான் ஏந்த வேண்டும். மதகு அதனைப் பாதையின் அடியால் பள்ளத்துக்குக் கடத்த வேண்டும். பள்ளத்துப் பக்கத்து மண் ஓரத்தில் புல் மண்டி மேடானால், தாரின் மேல் விழும் மழை வடிய வழியின்றித் தேங்கி அடித்தளத்தை இளக்கிவிடும். முதலில் ஓரம் உடையும்; பிறகு பாதை உடையும்.

ஊவாவின் பாதைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், மலைநாட்டைப் பிடியில் வைத்திருக்கப் பாதைகளே வழி எனக் கண்டனர். இராஜகாரிய முறை 1832 இல் ஒழிக்கப்பட்ட பின்னரும், 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் ஆண்டுக்கு ஆறு நாள் பாதை வேலை, இன்றேல் பணம் என விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட தமிழரும் பாதை வேலைப் படைகளில் உழைத்தனர்.

பதுளையில் அதிகாரியாயிருந்து ஊவாவில் பாதைகள் அமைத்த மேஜர் ரொஜர்ஸ், ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைச் சுட்டவர் என்று பேசப்படுபவர். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். பதுளை புனித மாற்கு தேவாலயம் அவரது நினைவாக எழுந்தது. பாதை போட்டவருக்குக் கல்லில் பெயர் இருக்கிறது. அதன் பின் தலைமுறை தலைமுறையாகக் கான் வெட்டியவர்களுக்கு எங்கே இருக்கிறது?

இன்று எல்ல உலகறிந்த சுற்றுலாத்தலம். பாதையோரத்தில் விடுதிகள் பெருகிவிட்டன. வாசலுக்கு வாகனம் ஏற வேண்டுமென்று கானை மண்ணிட்டு மூடுவோரும், பெயருக்கு ஒரு சிறு குழாயைப் புதைத்துச் சீமெந்து பூசுவோரும் உளர். கானை இழந்த நீர் பாதையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கத்து ஓரத்தை அரிக்கிறது. ஒருவருடைய வாசலின் விலையைப் பள்ளத்தில் குடியிருப்பவர் செலுத்துகிறார். அங்கே இருப்பது பெரும்பாலும் தோட்ட லயம்.

2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய பாதையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தையும் மண்சரிவுகளால் சிதைத்தது. இவை யாவும் கான் அடைத்ததால் நேர்ந்தவை என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆயினும் இம்மலைகளில் வாழ்வுக்கும் பள்ளத்துக்கும் இடையே இருப்பது சில அடி ஓரம் மட்டுமே என்பதை அவை நினைவூட்டின.

புதுப் பாதைக்கு நாடா வெட்ட அமைச்சர்கள் வருவார்கள். கான் வெட்டும் நாளில் எந்தப் புகைப்படக்காரரும் வருவதில்லை. பத்திரிகையாளனாகிய நானும், அன்று பஸ் பழுதாகாதிருந்தால், அந்த முதியவரைப் பாராமலே கடந்து போயிருப்பேன். அவருடைய பெயரைக் கேட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை.