மாயாவியின் உடை என்ன நிறம்?

தருமபுரி பக்கத்துப் பழைய சலூன்களில் வருஷக்கணக்கா வெயில் பட்ட போஸ்டர்களைப் பார்த்திருக்கீங்களா? எல்லா ஹீரோவும் நீலமா இருப்பாங்க. கலர் அச்சு என்பது நாலு மை: சியான் என்கிற நீலம், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு. வெயிலில் மஞ்சளும் மஜெந்தாவும் முதலில் ஓடிப்போகும். நீலமும் கறுப்பும் கெட்டியான ஆசாமிகள், லேசில் போகாது.

பழைய காமிக்ஸ் அட்டைகளுக்கும் இதே கதிதான். நம்ம ஊரில் ராணி காமிக்ஸ் 'முகமூடி வீரர் மாயாவி' என்று உலவவிட்ட ஃபேன்டமை எடுத்துக்குவோம். 1936-இல் லீ ஃபாக் அவரைத் தினசரித் தொடராக ஆரம்பித்தபோது எல்லாம் கறுப்பு வெள்ளை. ஃபாக் மனசில் இருந்தது சாம்பல் நிற உடை. 1939 மே மாதம் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் வந்தபோது உடை ஊதாவாகிவிட்டது. ஸ்வீடனில் நீலம், இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு. ஊதா என்பது சியானும் மஜெந்தாவும் சேர்ந்தது. மஜெந்தா போனால் மிச்சம் நீலம். ஆக, தருமபுரியில் ஒரு கடை வாசலில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட ஊதா மாயாவி, சில கோடைகளில் ஸ்வீடன் பிரஜை ஆகிவிடுவார்.

அப்போ எது 'சரியான' நிறம்? இந்தக் கேள்விதான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது.

பழைய அமெரிக்க காமிக்ஸின் வண்ண ஏற்பாடு ஒரு புரோகிராமருக்கு ரொம்பப் பிடிக்கும். மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றுக்கும் நாலு நிலை: 0, 25, 50, 100 சதவீதம். நாலு பெருக்கல் நாலு பெருக்கல் நாலு, மொத்தம் 64. ஒரு பிரபஞ்சமே ஆறு பிட்டில் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த 64-ஐ அச்சுக்குத் தயார் செய்தது கம்ப்யூட்டர் இல்லை. கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட்டில் ஒரு நிறுவனத்தில், பெரும்பாலும் பெண்கள், ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தாளில் கையால் இடம் பிரித்தார்கள். சூப்பர்மேன் சட்டைக்கு வெளியே சிவப்பு வழிந்தால் நமக்குச் சிரிப்பு வரும். வழியாத ஆயிரக்கணக்கான கட்டங்களுக்குப் பின்னால் இருந்த கைகளின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நம்ம பக்கம் பணம்தான் நிறத்தைத் தீர்மானித்தது. 1967-இல் தொடங்கிய அமர் சித்திர கதையின் ஆரம்ப இதழ்கள், செலவு கட்டுப்படியாகாமல், மஞ்சள், நீலம், பச்சை என்று சில நிறங்களிலேயே வந்தன. முழு வண்ணம் பிறகுதான். 1972-இல் சிவகாசியிலிருந்து புறப்பட்ட முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவிக்கு உள்பக்கத்தில் அந்தக் கவலையும் கிடையாது, கறுப்பு வெள்ளைதான். மீதியை ஸ்கெட்ச் பென் வைத்திருந்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டோம்.

இந்தப் புள்ளிகளை ஓவியக்கூடத்துக்குள் கொண்டுபோய்ப் பெரும்புகழ் பெற்றவர் ராய் லிக்டன்ஸ்டைன். அவருடைய 1963-ஆம் வருஷத்து 'வாம்!' ஓவியத்துக்கு மூலம், முந்தைய வருஷம் இர்வ் நோவிக் வரைந்த ஒரு போர் காமிக்ஸ் கட்டம். லிக்டன்ஸ்டைனை மியூசியம் போகிறவர் எல்லாருக்கும் தெரியும், நோவிக்கை காமிக்ஸ் பைத்தியங்களுக்கு மட்டும்தான். எனக்கு இது உறுத்துகிறது. புரூக்ளினில் பிறந்த சித்ரா கணேஷ் 2002-இல் செய்த 'டேல்ஸ் ஆஃப் அம்னீஷியா' எனக்கு அதைவிட நெருக்கம். அமர் சித்திர கதையின் பாணியை எடுத்து, அதன் அடக்க ஒடுக்கமான நாயகிகளைக் கலைத்துப்போட்டார். வெறும் அழகுக்காக எடுக்கவில்லை, மூலத்தோடு சண்டை போடுகிறார்.

நான் செய்வது சின்ன வேலை. வெயிலில் வெளுத்த அட்டையை ஸ்கேன் செய்து, நாலு மைகளாகப் பிரிக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். ஸ்கேனரோ ஒரே பட்டனில் எல்லாவற்றையும் 'சரி' பண்ணத் துடிக்கும். அதை முதலில் அணைக்கணும். பிறகு ஒரே அட்டையைப் பன்னிரண்டு முறை பிரின்ட் எடுக்கிறேன், ஒவ்வொன்றிலும் மஜெந்தாவை இன்னும் கொஞ்சம் குறைத்து. அப்படியே மஞ்சளையும் குறைக்கப் பார்த்தால் ஒரு வேடிக்கை: மஞ்சள் மை வெளுக்கிறது, மலிவான காகிதமோ தன்னிலுள்ள லிக்னினால் தானே மஞ்சளாகிறது. மை எங்கே முடிகிறது, தாள் எங்கே தொடங்குகிறது என்று என் ஸ்கிரிப்ட்டால் பிரிக்க முடியவில்லை. அதனால் மஞ்சளைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு பிரின்ட்டின் அடியிலும் கதை, ஓவியம், வண்ணம் என்று மூன்று வரி வைத்திருக்கிறேன். முதல் இரண்டை எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம். மூன்றாவதற்கு இதுவரை ஒரு பெயரும் கிடைக்கவில்லை.