‘ஆம்’ உதிரும் இடம்

2008 ஜனவரி 25 காலை ஐந்தருவியில் இருந்தேன். சீஸன் போய் மாதங்களாகியிருந்தன. மெலிந்த தண்ணீர், கூட்டமில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் தன் முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னார்: “நேத்து ராத்திரி தென்காசில குண்டு வெடிச்சுதாம் அண்ணாச்சி. அவனுவ வேலைதானாம்.” கேட்டவர் குளித்துவிட்டு டீக்கடைக்கு வந்தார். அங்கே அவர் சொன்னது: “அடுத்தது கோயிலாம்.” நான் பஸ் ஏறும்போது வேறொருவர் தன் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “கோயிலுக்கும் வச்சிருக்கானுவ.”

மூன்றாவது வாக்கியத்தில் ‘ஆம்’ இல்லை.

நம் மொழியில் இது ஒரு விசேஷம். நான் பார்க்கவில்லை, கேட்டேன், இதற்கு மேல் பொறுப்பேற்க மாட்டேன் என்பதையெல்லாம் வினையின் வாலில் ஒட்டிய ஓரசை சொல்லிவிடுகிறது. அது ஒட்டியிருக்கிற வரை வாக்கியம் வெறும் சேதி. உதிர்ந்த கணத்தில் சொல்கிறவன் சாட்சியாகிவிடுகிறான். வதந்தியின் சரித்திரம் என்பது இந்த ஓரசை எங்கே உதிர்ந்தது என்ற சரித்திரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தென்காசியில் நடந்தது இவ்வளவுதான். 2006 கடைசியிலிருந்து கொலையும் பழிக்குப் பழியுமாக இருந்த ஊர். 2008 ஜனவரி 24 இரவு ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்திலும் பஸ் நிலையப் பகுதியிலும் குண்டுகள் வெடித்தன. பிப்ரவரியில் போலீஸ் கைது செய்தது முஸ்லிம்களை அல்ல. இந்து அமைப்பைச் சார்ந்தவர்களை. மதப் பதற்றத்தைக் கிளறுவதே நோக்கம் என்றது போலீஸ். ஐந்தருவி டீக்கடையில் விழுந்துவிட்ட கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இது நம் காலத்து வியாதி என்று நினைக்கிறவர்கள் 1882இன் சேலத்தைப் பார்க்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஊர்வலப் பாதையில் ஒரு பள்ளிவாசல். அதன் முன்னால் மேளம் வாசிக்கலாமா கூடாதா என்பது தகராறு. தொழுகைக்கு ஆபத்து என்று ஒரு தரப்பும், சாமி புறப்பாட்டுக்கு ஆபத்து என்று மறு தரப்பும் நம்பின. ஆகஸ்டில் கலகம் மூண்டு பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. பிறகு வதந்தி கோர்ட்டுக்கும் போயிற்று. கலகத்தைத் தூண்டியதாக நகரசபை உறுப்பினரும் வக்கீலுமான சி. விஜயராகவாச்சாரியார் மேல் வழக்கு. பத்து வருஷ தீவாந்தர சிட்சை. சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. நகரசபைப் பதவியைப் பறித்ததற்காகச் சர்க்கார் மேல் அவர் வழக்குப் போட்டு நூறு ரூபாய் நஷ்டஈடும் வாங்கினார். 1920இல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர் இவரே. அவருக்குச் சட்டம் தெரியும், மீண்டார். கேள்விச் சேதியால் குற்றவாளியாகும் சாமான்யனுக்கு மேல்முறையீடு ஏது?

ஸ்தலத்துக்கு ஆபத்து என்ற சேதி பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1963 டிசம்பர் 27 அன்று ஸ்ரீநகர் ஹஸ்ரத்பாலில் நபிகளின் திருமுடி உண்மையாகவே காணாமல் போயிற்று. அந்த ஊரில் முஸ்லிம்களோடு பண்டிதர்களும் சீக்கியர்களும் தெருவில் இறங்கி அழுதார்கள். துணைக்கண்டத்தின் மறு மூலையில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் குல்னாவில், இந்துக்களை வெட்டினார்கள். பதிலுக்குக் கல்கத்தாவில் முஸ்லிம்களை வெட்டினார்கள். திருமுடி ஜனவரி 4 அன்றே கிடைத்துவிட்டது. கல்கத்தா எரிந்தது அதற்குப் பிறகு. இழந்தவர்கள் கொல்லவில்லை. கொன்றவர்கள் அந்தத் தர்காவைக் கண்ணால் கண்டிருப்பார்களா என்பதே சந்தேகம். துக்கம் ஸ்தலத்தோடு நின்றுவிடுகிறது. துவேஷத்துக்குத்தான் தூரம் வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான காட்சியும் தென்காசியிலேயே உண்டு. காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் பல தலைமுறைகள் பிளந்து சிதைந்து நின்றது. இடி விழுந்தது என்பார்கள், தீ என்பார்கள். சிறு வயதில் குற்றாலம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே அதைப் பார்த்திருக்கிறேன். யாரும் ஆத்திரப்படவில்லை, பகைக்க ஆள் கிடைக்கவில்லை. ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்து குடமுழுக்கு ஆனது 1990இல். ஸ்தூலமாக இடிந்து கிடந்த கோபுரம் அத்தனை காலம் காத்திருந்தது. இடியப்போகிறது என்ற ஒரு வாக்கியத்துக்கு ஆள் சேர ஒரு பகல் போதும். காக்கப் புறப்பட்டோம் என்கிற கூட்டம் எதைக் காக்கிறது?

15ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனுக்கும் ஆபத்தின் பயம் இருந்திருக்கிறது. கல்வெட்டில் பாட்டாகவே அதைப் பொறித்து வைத்தான். இந்தக் கோயிலுக்கு ஒரு குறை நேர்ந்தால் அதை வந்து சீர்செய்து காப்பவர் யாராயிருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்பது அதன் சாரம். குறை யாரால் வரும் என்று அவன் கேட்கவில்லை. அந்தப் பாட்டில் எதிரி இல்லை. செப்பனிடுகிறவன் மட்டுமே இருக்கிறான். ராஜா ஒருவன் அவன் காலில் விழுகிறான்.

அந்த ஜனவரி காலையில் பஸ்ஸில் நான் யாரையும் மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டதைச் சொன்னேன். சொன்னது ஞாபகமிருக்கிறது. என் வாக்கியத்தில் ‘ஆம்’ இருந்ததா என்பதுதான் ஞாபகமில்லை.