செங்கோட்டையில் கொடி ஏறியது என்றைக்கு?

"நேரு முதன்முதலில் செங்கோட்டையில் தேசியக் கொடி ஏற்றிய நாள் எது?" என்று வினாடி வினாவில் கேட்டால் நம்மில் பலர் யோசிக்காமல் 1947 ஆகஸ்ட் 15 என்போம். இல்லை நண்பர்களே, அது ஆகஸ்ட் 16!

அப்படியென்றால் 15ம் தேதி டெல்லியில் என்ன நடந்தது? முந்தைய நாள் நள்ளிரவில் அரசியல் நிர்ணய சபை கூடியது, நேரு பேசினார்... இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்குப் பிடித்தது மாலையில் நடந்த கதைதான். இந்தியா கேட் அருகே கொடியேற்று விழா. அணிவகுப்பு, மேடை, நாற்காலி என்று எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு, லட்சக்கணக்கில் மக்கள் வந்து குவிந்துவிட்டார்கள். அணிவகுப்புக்கு இடமே இல்லை. மவுண்ட்பேட்டனால் குதிரை வண்டியை விட்டு இறங்கக்கூட முடியவில்லை. வண்டியில் இருந்தபடியே 'கொடியை ஏற்றிவிடுங்கள்' என்று நேருவிடம் கத்திச் சொன்னார். கொடி ஏறியது. லேசான தூறல், வானத்தில் வானவில். சினிமாவில் வைத்திருந்தால் நம்பமாட்டோம்! பிரிட்டிஷ் கொடியை இறக்கும் சடங்கு மட்டும் அங்கே இல்லை. ஆங்கிலேயர் மனம் புண்படக்கூடாது என்று அதை முன்பே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை செங்கோட்டை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பகதூர் ஷா ஜாஃபரையும், 1945ல் நேதாஜியின் படை அதிகாரிகளையும் வெள்ளைக்காரன் நிறுத்தி விசாரித்த இடம். அங்கே நம் கொடி பறப்பது என்றால் சும்மாவா?

சரி, இனி யாரும் அதிகம் பேசாத விஷயத்துக்கு வருவோம். இந்த இரண்டு நாளும் டெல்லி கொண்டாடியபோது, நாட்டின் எல்லை எது என்று மக்களுக்குத் தெரியாது! கோடு போட வந்த ராட்க்ளிஃப் அதற்கு முன் இந்தியாவையே பார்த்ததில்லை. அவருக்குக் கிடைத்தது ஐந்தே வாரம். அவர் வேலையை முடித்துக் கொடுத்த பிறகும், கொண்டாட்டம் முடியட்டும் என்று மவுண்ட்பேட்டன் அறிவிப்பைத் தள்ளிப்போட்டார். வெளியானது ஆகஸ்ட் 17ல். அதுவரை வங்காளத்தின் முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி பறந்தது, குல்னாவில் இந்தியக் கொடி பறந்தது. பிறகு இரண்டும் இடம் மாறின. முன்பே சொல்லியிருந்தால் பஞ்சாபில் சில உயிர்களாவது பிழைத்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

காந்தி அன்று டெல்லியில் இல்லை. கல்கத்தாவின் பெலியகட்டாவில், கலவரம் நடந்த பகுதியில் தங்கி, உண்ணாவிரதம் இருந்தார். அவர் டெல்லி வந்தது செப்டம்பர் 9ல். அதற்குள் தலைநகரிலேயே கலவரம் மூண்டுவிட்டது. டெல்லி முஸ்லிம்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறையிலும் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தார்கள். மேற்கு பஞ்சாபிலிருந்து இந்துக்களும் சீக்கியர்களும் ரயில் ரயிலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1941ல் சுமார் 9 லட்சமாக இருந்த டெல்லியின் மக்கள்தொகை 1951 கணக்கெடுப்பில் 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆகஸ்ட் 15 மாலை இந்தியா கேட் கூட்டத்தில் நின்றவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆகஸ்டில் அதே ஊரில் இருந்தார்களோ!